எல்லாவற்றுக்கும் சம்மதித்த தலைவர்

1

வந்திருந்தவர்கள்: உபதலைவர் சிவபாலன் அண்ணை, செயலாளர் வசந்தி அக்கா, ஆலோசகர் ஞானம் ஐயா, பொருளாளராகிய நான். வராதவர்கள்: தலைவர் குணரத்தினம் அண்ணை, அவர் ஊருக்குப் போயிருந்தார். பிள்ளைகளும் வரவில்லை. அவர்கள் எப்போதுமே வருவதில்லை. நாங்கள் கூட்டம் நடத்தவில்லை, சண்டை பிடிக்கிறோம் என்பது அவர்களுடைய கணிப்பு.

இடம், சுவிஸின் பேர்ண் நகரத்துக்கு வெளியே சிவபாலன் அண்ணை குடியிருக்கும் தொடர்மாடியின் நிலக்கீழ் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் சுற்றும். இந்தப் பக்கம் நாங்கள் ஊர் விஷயம் கதைப்போம். அன்று மார்கழி மாதத்து ஞாயிறு காலை. வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளிலிருந்து பனி கரைந்து தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஒன்றியம் பெரிய ஒன்றியம் அல்ல. கிளிநொச்சிப் பக்கம், தர்மபுரத்திலிருந்து உள்ளே போகும் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்து வந்து இந்தப் பக்கத்தில் சிதறிக் கிடக்கும் கொஞ்சக் குடும்பங்கள் சேர்ந்தது. இரண்டு கோடைகாலம் விளையாட்டு விழாக்களில் கொத்துரொட்டிக் கடை போட்டு, ஊர்ப் பாடசாலைக்குக் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கக் காசு சேர்த்திருந்தோம். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி, இதை வாசிக்கிற ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேத்தலுக்குள் வெள்ளைக் கல்லாகப் படியும். வடித்துக் குடித்தாலும் நாக்கில் நிற்கும். இயந்திரத்துக்கு ஒழுங்கு செய்யத்தான் குணம் அண்ணை ஊருக்குப் போயிருந்தார்.

அவர் போய்ச் சில நாளில், அந்த ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, எனக்கு மின்னஞ்சல் வந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லக் குசினியில், உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் இருந்துகொண்டு வாசித்தேன்.

“அன்பார்ந்த பொருளாளர் சுதன் அவர்களுக்கு, வணக்கம். இங்கு இயந்திர நிறுவனத்துடன் பேசி முடித்துவிட்டேன். ஆறாயிரத்து எண்ணூறு பிராங்கை இன்று மாலைக்குள் கீழ்க்காணும் புதிய கணக்கிற்கு அனுப்பிவைக்கவும். தாமதமானால் இயந்திரம் வேறு பாடசாலைக்குச் சென்றுவிடும். எனது தொலைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டதால் மின்னஞ்சலில் மட்டும் தொடர்புகொள்ளவும். மற்றவர்களுக்கு இப்போது தெரிவிக்க வேண்டாம். உங்கள் நேர்மையை நான் முழுமையாக நம்புகிறேன். இப்படிக்கு, தலைவர் குணரத்தினம்.”

எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது.

2

இந்தக் கடிதம் என்னை எப்படிப் பிடித்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆசை காட்டவில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அழித்திருப்பேன். பெரிதாகப் பயமும் காட்டவில்லை. மரியாதை தந்தது. அவ்வளவுதான்.

என்னைப் பொருளாளராகத் தெரிவு செய்த அன்று எதிர்த்துக் கதைத்த ஒரே ஆள் குணம் அண்ணைதான். “பொடியன் நேற்று வந்தவன். பிளேனிலை குடிச்ச தண்ணி இன்னும் வத்தேல்லை. இவனிட்டையோ காசைக் குடுக்கப் போறியள்?” என்று கேட்டார். அதற்குப் பிறகும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பொடியன்’தான். அப்படிப்பட்டவர் ‘அன்பார்ந்த பொருளாளர் அவர்களுக்கு’ என்று எழுதினால்? உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

தாத்தா மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டியவர். அப்பா மற்றவர்களுடைய வயலில் கூலிக்கு நின்று எங்களை வளர்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தது நான்தான். பிறர் தங்கள் காசை நம்பிக் கையில் கொடுத்ததும் எங்கள் குடும்பத்தில் எனக்குத்தான் முதல். இயந்திரத்துக்குக் குழாய் பதிக்க அந்த நேரம் பாடசாலை வளவில் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தவரும் என் அப்பாதான். என்னால் இயந்திரம் தவறிப்போனால் அந்தக் கிடங்கை மூடுகிறவரும் அவர்தான். ஊர்ச் சனம் கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் கொடுக்கப் போகிறவரும் அவர்தான்.

ஆகவே அவசரப்பட்டேன். குணம் அண்ணை எழுதுகிற ஆள் அல்ல. தேத்தண்ணி ஆறும்வரை நீளுகிற குரல் செய்திதான் அனுப்புவார். இது ஏன் எழுத்தில் வந்தது? தொலைபேசிதான் தண்ணீரில் விழுந்துவிட்டதே. கணக்கு ஏன் இலங்கையில் இல்லாமல் ஐரோப்பாவில் வேறொரு நாட்டில் இருக்கிறது? கம்பனியின் முகவராக இருக்கும். எழுதியவன் சொல்லாத காரணங்களையும் அவனுக்காக நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவருடைய இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

வங்கிப் பக்கத்தைத் திறந்து இலக்கங்களை அடித்தேன். நல்லகாலம், எங்கள் கணக்குக்கு இரண்டு பேருடைய சம்மதம் வேண்டும். இரண்டாவது ஆள் வசந்தி அக்கா. வைத்தியசாலையில் துப்புரவு வேலையில் நின்றவருக்கு அழைத்தேன்.

“அக்கா, அண்ணை மெயில் போட்டிருக்கிறார். உடனை காசு அனுப்பட்டாம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமாம்.”

“அவர் சொன்னால் போதுமோ? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடு. அந்த மனுசனிட்டை நான் கேக்க வேண்டிய கேள்வி நிறையக் கிடக்கு.”

“பிந்தினால் மெஷின் போயிடுமாம் அக்கா.”

“போகட்டும். கூட்டம் இல்லாமல் என்ரை விரல் அந்தப் பட்டனிலை படாது.”

காசு ஞாயிறு கூட்டத்துக்குப் பிறகுதான், அப்போது கேட்கிற கேள்விகளுக்கு மெயிலில் பதில் தாருங்கள் என்று மன்னிப்புக் கேட்டுக் குணம் அண்ணைக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: “பரவாயில்லை. ஞாயிறு காலை தயாராக இருப்பேன்.” எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன்.

3

எங்கள் ஊராருக்குக் கூட்டம் என்றால் ஏன் இவ்வளவு பிரியம் என்று வெளியாருக்கு விளங்காது. ஒவ்வொரு வருடமும் சிறுபோக விதைப்புக்கு முன்னால் ஊரில் ஒரு கூட்டம் நடக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று அதிகாரிகளும் கமக்காரரும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். அங்கே ஒருவர் மற்றவரோடு உடனே ஒத்துப்போனால் அவருக்கு வயல் இல்லை என்று அர்த்தம். வயல் இல்லாத என் அப்பா ஜன்னலுக்கு வெளியே நிற்பார். விதைப்புக் கூடினால் அவருக்கு வேலை கூடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். சத்தம் கூடக் கூட அப்பாவின் முகம் தெளியும். “நல்லா அடிபடுறாங்க. அப்ப தண்ணி இருக்கு” என்பார்.

அந்த இரத்தம்தான் நிலக்கீழ் அறையிலும் ஓடுகிறது. வசந்தி அக்கா கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறக்க முன்னரே கூட்டம் சூடாகிவிட்டது. இந்த மின்னஞ்சலை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் சொன்னதை எப்படி எதிர்க்கலாம் என்பதுதான் மற்ற மூவருக்கும் அவசரம்.

“மூண்டு கம்பனியிட்டை விலை கேட்டவரோ? கேள், தம்பி” என்றார் ஞானம் ஐயா.

நான் மடிக்கணினியில் அடித்தேன். ஒரு நிமிடத்தில் பதில்: “ஆம். மூன்று நிறுவனங்களிடம் கேட்டேன்.”

“தண்ணித் தாங்கி என்ன நிறம்? கறுப்பு வேண்டாம், வெய்யிலுக்குத் தண்ணி கொதிக்கும்” என்றார் சிவபாலன் அண்ணை.

“நீங்கள் விரும்பிய நிறமே வரும். பணம் அனுப்பிவிட்டீர்களா?”

“பொறுக்கச் சொல்லு. நான் இன்னும் தொடங்கேல்லை” என்று வசந்தி அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

அவருக்கும் குணம் அண்ணைக்கும் நடுவில் ஒரு கல் கிடந்தது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைக் கறுப்புக் கல்லில் வெட்டி, தன் பெயரை மேலே போட்டு, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நட வேண்டும் என்பது குணம் அண்ணையின் எண்ணம். சிவபாலன் அண்ணையும் அதே கட்சி. இரண்டு குழாய்தான் போடப் போகிறோம், சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று காய்வார்கள், கல்லுக்குப் போகிற காசில் மூன்றாவது குழாய் போடுங்கோ என்பது வசந்தி அக்காவின் வாதம். இரண்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் இது எழும்பும். ஒருமுறை குணம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்.

“எழுது,” என்றார் வசந்தி அக்கா. “கல்வெட்டு வேண்டாம். மூண்டாவது குழாய் போடுவம்.”

பதில் வந்தது: “உங்கள் கருத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். மிகவும் சிறந்த ஆலோசனை.”

நான் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

“என்ன, ஏத்துக்கொண்டிட்டாரோ?” சிவபாலன் அண்ணைக்கு முகம் சிவந்தது. “எங்களைக் கேக்காமல்? இஞ்சை தா தம்பி, நான் சொல்லுறன். கல்வெட்டு வேணும். சொன்னதிலும் பாக்க இரண்டு மடங்கு பெரிசா வேணும்.”

பதில்: “மிகச் சிறந்த யோசனை. முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். பணம் அனுப்பிவிட்டீர்களா?”

வசந்தி அக்கா கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தார்.

“இது குணம் அண்ணை இல்லை.”

“என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை?” என்றார் ஞானம் ஐயா.

“ஐயா, பதினொரு வருசமா அந்த மனுசனோடை கமிட்டியிலை இருக்கிறன். ஒரு நாள், ஒரு விசயத்துக்கு, எனக்கு ஓம் எண்டு சொன்னதில்லை. நேரம் என்ன எண்டு கேட்டு நான் சொன்னாலும், இல்லை, உம்மடை மணிக்கூடு பிழை எண்டுவார். சுதன், எழுது. போன வருச ஒன்றுகூடலிலை ஆட்டிறைச்சி காணாமல் போனது உங்கடை பிழை எண்டு எழுது.”

எழுதினேன்.

“எனது தவறுக்கு மனமார்ந்த மன்னிப்பைக் கோருகிறேன்.”

முதலில் சிரித்தது ஞானம் ஐயா. இருமி இருமிச் சிரித்தார். “குணம் மன்னிப்புக் கேட்டதோ! செத்தாலும் கேளான்!” சிவபாலன் அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடிதத்தின் மேல் பகுதியை முதல்முறையாகப் பார்த்தேன். பெயர் குணரத்தினம்தான். பெயரைத் தொட்டதும் அதற்குக் கீழே ஒளிந்திருந்த முகவரி விரிந்தது. எங்கள் தலைவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஏதோ எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வால்.

வெள்ளிக்கிழமை மட்டும் வசந்தி அக்காவின் விரல் அந்தப் பட்டனில் பட்டிருந்தால்?

“இவ்வளவு பொறுமையான ஆள் எங்கடை ஊரிலையே இல்லை,” என்று ஞானம் ஐயா கண்ணைத் துடைத்தார். “சந்தாவைக் கட்டச் சொல்லு தம்பி. கமிட்டியிலை சேர்ப்பம்.”

4

குணம் அண்ணையின் இலக்கத்துக்கு அழைத்தேன். தண்ணீரில் விழுந்த தொலைபேசி நன்றாக மணி அடித்தது. ஆனால் எடுக்கவில்லை. அப்பாவுக்கு எடுத்தேன். எடுத்ததும் பெரிய இரைச்சல்.

“சுதன், கேக்குதா? குளம் வான் பாயுது! ஊரே இங்கதான் நிக்குது!”

ஒலிபெருக்கியைப் போட்டேன். குளம் நிரம்பி வழிகிற அந்தச் சத்தம் நிலக்கீழ் அறைக்குள் வந்தது. சிவபாலன் அண்ணை தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து காதை வைத்தார். பின்னால் பிள்ளைகள் கத்துவதும் கச்சான் கடலை விற்பவரின் குரலும் கேட்டன.

“அப்பா, குணம் அண்ணை அங்கை நிக்கிறாரோ?”

“நிக்கிறாரே. ஆறு அங்குலம் பாயுதுன்னு நீர்ப்பாசனத்து ஆள் சொல்லிட்டாரு. இவரு எட்டுன்னு சண்டை. இரு, குடுக்கிறேன்.”

“ஆரது?” என்று குணம் அண்ணையின் குரல் வெடித்தது. “ஆர், பொடியனோ? இஞ்சை ஒருத்தனுக்கு அளக்கத் தெரியேல்லை!”

விஷயத்தைச் சொன்னேன்.

“நானோ? காசு கேட்டனானோ? நான் எப்பயடா மெயில் எழுதினனான்? கம்பனிக்காரன் மெஷினைப் பூட்டி, தண்ணி வந்த பிறகுதானே காசு! கூட்டம் போடாமல் ஒரு சதம் அனுப்பக் கூடாது, விளங்குதோ?”

“அனுப்பேல்லை அண்ணை.”

பக்கத்தில் யாரையோ, “சத்தம் போடாதேங்கோ” என்று அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

“பொடியன் அனுப்பேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“ம்,” என்றார்.

அந்த ‘ம்’மை நான் எங்கே வைத்துப் பூட்டுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு அப்பா வாங்கி, “கிடங்கு வெட்டி முடிஞ்சுது. தண்ணி நிக்குது, வத்துனதும் குழாய் வைப்பேன்” என்றார். இங்கே நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது.

தொலைபேசியை வைத்ததும் வசந்தி அக்கா, “கமிட்டியிலை நாலு பேர் இருக்கிறம். கல்வெட்டு விசயத்தை இண்டைக்கே முடிப்பம்” என்றார். எதிர்ப்பு வரும் என்று பார்த்தேன். சிவபாலன் அண்ணை கையை உயர்த்தினார். “கள்ளனுக்கும் பிடிச்ச கல்லு எனக்கு வேண்டாம். குழாயே போடுங்கோ.” இரண்டு வருட வழக்கு அப்படி முடிந்தது.

வீட்டுக்குப் போய் வசந்தி அக்கா மகளிடம் பெருமையாகக் கதையைச் சொன்னாராம். அவள் பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும், “அம்மா, அட்ரஸைத் தொட்டால் தெரியும். அதுக்குப் போய் இவ்வளவு நேரம் கத்தினீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள்.

5

மறுநாள் பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு செய்யப் போனேன். வழி முழுக்க ஜெர்மன் வசனத்தை மனப்பாடம் செய்தும், மேசைக்கு முன்னால் நின்றதும் வந்தது, ‘எங்கள் தலைவர் பொய்யானவர்’ என்ற அளவில்தான். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, “அதற்குத் தேர்தல் இருக்கிறதே” என்றார். கடிதத்தைக் காட்டினேன். விளங்கிக்கொண்டார். இங்குள்ள சின்னச் சின்னச் சங்கங்களுக்கு இப்படி அடிக்கடி வருகிறதாம். சங்கத்தின் இணையப் பக்கத்தில் தலைவர் பெயர், பொருளாளர் பெயர், மின்னஞ்சல் எல்லாம் இருக்கும். எங்களுடையதில் குணம் அண்ணை பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கும் படமும், எதற்காகப் போகிறார் என்ற விளக்கமும் வேறு இருந்தது. தமிழில் எழுதிக் கொடுக்க இப்போது கணினியே இருக்கிறது. திருடனுக்கு வேறு என்ன வேண்டும்?

“எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டார்.

“நாங்கள் சொன்னதற்கெல்லாம் சம்மதித்தார்.”

அதை அவர் எழுதவில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். இனிமேல் பதில் எழுதி விளையாட வேண்டாம், பதில் போட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்து இன்னும் வரும் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கும் இப்போது வருகிறது என்று கேள்விப்படுகிறேன். வங்கிக் கணக்கு மூடப்படப் போகிறது என்று வரும். உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்று வரும். வெளிநாட்டில் வேலை, விசாவுக்கு முற்பணம் என்று வரும். நாளைக்கு என் பெயரிலேயே, நான் வைத்தியசாலையில் கிடக்கிறேன் என்றும் வரலாம். எழுத்துப் பிழையைத் தேடாதீர்கள், இப்போது பிழை வருவதில்லை. அவசரப்படுத்துகிறதா, ஒருவருக்கும் சொல்லாதே என்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் அதில் கள்ளம் இருக்கிறது. வந்த கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள், அதில் உள்ள இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள், இல்லாவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள். கடவுச்சொல்லையும் தொலைபேசிக்கு வருகிற இரகசிய இலக்கத்தையும் கேட்டு எந்த வங்கியும் எழுதாது. கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று யார் சொன்னாலும், அவருடைய குரலைக் கேட்காமல் ஒரு சதம் அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் காட்டிக் கதையுங்கள். அவர் உங்களோடு சண்டை பிடிக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

6

தை மாதம் தண்ணீர் வந்தது. அப்பா காணொளி அனுப்பியிருந்தார். மூன்று குழாயிலும் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஒரு சின்னப் பெட்டை குடித்துவிட்டு, “ஒண்டும் இல்லாத ருசி” என்று சொல்லிச் சிரித்தாள். கம்பனிக்குக் காசு அன்று மாலையே போனது. அந்த முறை வசந்தி அக்காவின் விரல் தாமதிக்கவில்லை.

குணம் அண்ணை திரும்பி வந்ததும் கூட்டம் போட்டார். கோபம் ஆறவில்லை. “தலைவர் இல்லாத நேரம் தீர்மானம் எடுக்கிறதோ? அதுவும் கள்ளனோடை ஆலோசிச்சு!” என்று தொடங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டை மேசையில் வைத்தார். ஊருக்குப் போன முதல் வாரமே கிளிநொச்சியில் ஒரு கல்வெட்டுக்காரரிடம் கறுப்புக் கல்லுக்கு முற்பணம் கொடுத்துவிட்டாராம். நாங்கள் வேண்டாம் என்று தீர்மானித்த நேரம் ஆள் வெட்டத் தொடங்கியாயிற்று. முற்பணம் திரும்பாது.

“ஆரிட்டைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?” என்றார் வசந்தி அக்கா.

குணம் அண்ணை பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் பதில் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“கல்லு இப்ப எங்கை?” என்று ஞானம் ஐயா கேட்டார்.

அது எனக்குத் தெரியும். முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லை என்று, அப்பா கல்வெட்டுக்காரரிடமிருந்து அந்தக் கல்லை எடுத்து வந்து மூன்றாவது குழாய்க்குக் கீழே போட்டிருந்தார். வெட்டிய பக்கம் மேலே. நிறுத்தச் சொன்னபோது வெட்டி முடித்திருந்த ‘குண’ மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஏறி நின்றுதான் தண்ணீர் குடிக்கிறார்கள். படத்தைக் காட்டினேன். குணம் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“வழுக்காதோ?” என்றார்.

“இல்லை அண்ணை. எழுத்து வெட்டின இடம் பிடிமானமா இருக்காம்.”

பொருளாளர் என்ற முறையில் நான் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன்: கல் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது, ஆகவே தலைவர் கொடுத்த முற்பணத்தை ஒன்றியம் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிவபாலன் அண்ணை வழிமொழிந்தார். வசந்தி அக்காவும் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

“பொருளாளர் நேற்று வந்தவர். சட்டம் தெரியாமல் கதைக்கிறார்,” என்று குணம் அண்ணை எழும்பினார். “கூட்டம் போடாமல் குடுத்த காசை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?”

ஆதரவு நான்கு. எதிர்ப்பு ஒன்று, குணம் அண்ணை. பிரேரணை நிறைவேறியது. தொகை, பன்னிரண்டாயிரம் ரூபாய், பிராங்கில் நாற்பதுகூட வராது.